விக்டோரியா பூங்காவில் இரண்டு நாள்: மகளிர் நால்வர் லான் பவுல்ஸ் பார்த்த அனுபவம்

2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில், புல்தரையில் பந்துகளை உருட்டி ஆடும் லான் பவுல்ஸ் ஆட்டங்கள் பர்மிங்காமில் நடக்கவில்லை. அங்கிருந்து தென்கிழக்கே உள்ள ராயல் லெமிங்டன் ஸ்பா என்னும் சிறிய நகரத்தின் விக்டோரியா பூங்காவில் நடந்தன. ஆகஸ்ட் 1 அன்று மகளிர் நால்வர் அரையிறுதியையும் மறுநாள் இறுதி ஆட்டத்தையும் பார்க்க, கவென்ட்ரியிலிருந்து ரயிலேறி அத்தையுடன் அங்கே போயிருந்தேன். நான் அதற்குமுன் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் பார்த்ததோடு சரி. அத்தை அதுவும் பார்த்ததில்லை. எங்களைப் போன்ற புதியவர்கள் பணம் கொடுத்து இந்த ஆட்டத்தைப் பார்க்கப் போகலாமா, போனால் எங்கே உட்கார வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பதில் முதலிலேயே இதுதான்: கட்டாயம் போகலாம், போனால் மகளிர் நால்வர் ஆட்டத்தையே பாருங்கள், இடம் கிடைத்தால் புல்தரையின் மட்டத்தில், பந்துகள் வந்து சேரும் முனைக்கு அருகில் உட்காருங்கள்.

லெமிங்டன் ரயில் நிலையத்திலிருந்து பூங்காவுக்குக் கால் மணி நேர நடை. லீம் ஆற்றை ஒட்டிய பூங்கா அது. ஜூலை 19 அன்றுதான் இங்கிலாந்தில் வெயில் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. அந்தக் கோடையின் வறட்சியில், நாங்கள் நடந்துவந்த வழியெல்லாம் புல் வைக்கோலாகக் கிடந்தது. அதற்கு நடுவே ஆடுகளங்கள் மட்டும் பச்சைப் பசேலென்று, கத்தரித்த கம்பளம்போல இருந்தன. அவற்றைப் பராமரித்தவர்களின் உழைப்பை அந்த வேறுபாடே காட்டியது. புல்லின் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்க வேண்டிய ஆட்டம் இது. தரை கொஞ்சம் மேடு பள்ளமானாலும் ஈரம் கூடினாலும் பந்தின் போக்கு மாறிவிடும்.

இந்த மைதானத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். தேசியப் போட்டிகளைப் பொறுத்தவரை இது முதலில் பெண்களின் மைதானம். இங்கிலாந்து மகளிர் பவுலிங் சங்கம் 1931இல் தொடங்கப்பட்டது; அதன் தேசியப் போட்டிகள் பல பத்தாண்டுகள் இந்தப் பூங்காவில்தான் நடந்துவந்தன. ஆண்களின் தேசியப் போட்டிகள் கடலோர நகரமான வொர்திங்கில் தனியாக நடந்தன. 2008இல் இரு சங்கங்களும் ஒன்றாகி ‘பவுல்ஸ் இங்கிலாந்து’ ஆன பிறகே ஆண்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். மகளிர் உலகச் சாம்பியன்ஷிப்பும் 1996, 2004 ஆகிய இரண்டு முறை இங்கே நடந்திருக்கிறது. காமன்வெல்த் போட்டிகளில் நிலைமை வேறாக இருந்தது. 1930இல் கனடாவின் ஹாமில்டனில் முதல் போட்டிகள் நடந்தபோதே ஆண்களுக்கு லான் பவுல்ஸ் இருந்தது. பெண்கள் 1982இல் பிரிஸ்பேன் வரைக்கும், 52 ஆண்டுகள், காத்திருந்தார்கள். அங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது மூவர் ஆட்டம் மட்டும்தான். நால்வர் ஆட்டம் 1986இல் எடின்பரோவில்தான் வந்தது. அத்தகைய வரலாறுள்ள ஓர் ஆட்டத்தின் பெண்கள் இறுதியை, பெண்கள் தாங்களே வளர்த்தெடுத்த மைதானத்தில் பார்த்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

ஆட்டம் என்னவென்று தெரியாதவர்களுக்கு அதன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் போனால் முதல் அரை மணி நேரம் வீணாகும். 31 முதல் 40 மீட்டர் நீளமுள்ள புல்தரையின் ஒரு முனையில் சிறிய பாய் ஒன்றை விரித்து, அதன்மேல் நின்று, ஜாக் எனப்படும் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் பந்தை உருட்டிவிடுவார்கள். அது குறைந்தது 23 மீட்டராவது போயிருக்க வேண்டும். பிறகு இரு அணியினரும் மாறி மாறித் தங்கள் பந்துகளை அதை நோக்கி உருட்டுவார்கள். ஒன்றரைக் கிலோ வரை கனமுள்ள அந்தப் பந்து முழு உருண்டை அல்ல. ஒரு பக்கம் சற்றுச் சரிந்த வடிவம் அதற்கு. உள்ளே ஈயம் வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அது வளைந்து போவதற்குக் காரணம் அந்த வடிவம் மட்டுமே. வேகம் குறையக் குறைய வளைவு கூடும் என்பதால், கடைசி மூன்று நான்கு மீட்டரில்தான் பந்து உள்முகமாகத் திரும்பி ஜாக்கைத் தேடிக்கொண்டு வரும். நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்து; இரு அணிக்கும் சேர்த்து ஒரு சுற்றில் 16 பந்துகள். எதிரணியின் மிக அருகிலுள்ள பந்தைவிட ஜாக்குக்கு நெருக்கமாக நம் பந்துகள் எத்தனை உள்ளனவோ அத்தனை புள்ளி. இப்படி 15 சுற்றுகள். அத்தை இதைக் கோலி விளையாட்டோடு ஒப்பிட்டு இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டார். எனக்கு அதைவிடச் சற்று அதிக நேரம் ஆனது.

முதல் நாள், அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதின. அன்று எங்கள் இருக்கை உயரத்தில், பின் வரிசையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பந்துகள் ஜாக்கைச் சுற்றி எப்படிப் பரந்து கிடக்கின்றன, எந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் அடைபட்டிருக்கிறது என்பது வரைபடம்போலத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு சுற்று முடிவதற்குள் இந்தியா 0–5 என்று பின்தங்கியபோது, ஏன் பின்தங்கியது என்பதை அந்த உயரத்திலிருந்து புரிந்துகொள்ள முடிந்தது: பந்துகள் தூரத்தைச் சரியாக எட்டாமல், ஜாக்குக்கு முன்னாலேயே தங்கிவிட்டன. பிறகு அணி மெல்ல மீண்டு முன்னேறியதும், 14ஆம் சுற்று முடிவில் மறுபடி 12–13 என்று ஒரு புள்ளி பின்தங்கியதும், கடைசிச் சுற்றில் இந்திய அணியின் ரூபா ராணி திர்க்கி அருமையாக உருட்டிய ஒரு பந்தால் நான்கு புள்ளிகள் சேர்ந்து 16–13 என்று வென்றதும் மேலிருந்து பார்க்கத் தக்க காட்சிகள்தான். ஆனாலும் அன்று ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்ற எண்ணத்தோடுதான் வீடு திரும்பினேன். ஆட்டக்காரர்கள் கூடிக்கூடிப் பேசுவது தெரிந்தது. என்ன பேசுகிறார்கள், எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை.

மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது முன் வரிசை. புல்தரையைச் சுற்றியிருக்கும் ஓரப் பள்ளத்துக்கு மிக அருகில், ஆட்டக்காரர்களின் காலணி புல்லில் உரசும் ஓசைகூடக் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். லான் பவுல்ஸின் உயிர் எங்கே இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. தனிநபர் ஆட்டத்தில் ஒருவர் தமக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்கிறார். நால்வர் ஆட்டத்திலோ அந்தக் கணக்கு முழுவதும் வாய்விட்டுப் பேசப்படுகிறது. பாயில் நிற்பவருக்கு 30 மீட்டர் தள்ளிக் கிடக்கும் பந்துகளின் இடைவெளி சரியாகத் தெரியாது. அவருக்குக் கண்ணாக இருப்பவர் எதிர்முனையில் நிற்கும் ஸ்கிப், அதாவது அணித்தலைவி. பந்து எந்தப் பக்கமாக வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் கையாலும் குரலாலும் காட்டுகிறார். சில வேளை இரண்டு கைகளையும் விரித்து இவ்வளவு நீளம் என்று காட்டுவார். சில வேளை குனிந்து, பந்து வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு துணியைப் பிடித்துக் காட்டுவார். பந்து கையைவிட்டுப் போன பிறகும் பேச்சு நிற்பதில்லை. போதும், இன்னும் கொஞ்சம், வா வா என்று அதனோடு கூடவே குரலும் ஓடி வருகிறது.

நால்வருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு என்பதும் கீழே உட்கார்ந்தால்தான் மனத்தில் பதிகிறது. இந்திய அணியில் முதலில் உருட்டும் லீட் இடத்தில் லவ்லி சௌபே. ஜாக்கை உருட்டுவதும், அதன் அருகில் முதல் இரண்டு பந்துகளைக் கொண்டு சேர்ப்பதும் அவர் வேலை. இரண்டாம் இடத்தில் பிங்கி. மூன்றாம் இடத்தில் நயன்மோனி சைகியா. கடைசியாக, ஸ்கிப் இடத்தில், ரூபா ராணி திர்க்கி. லவ்லி ஜார்க்கண்ட் காவல்துறையில் பணிபுரிபவர். பிங்கி தில்லியில் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. நயன்மோனி அசாம் வனத்துறையில் இருப்பவர், முன்பு பளு தூக்கியவர். ரூபா ராணி ஜார்க்கண்டில் விளையாட்டுத் துறை அலுவலர், முன்னாள் கபடி வீராங்கனை. வேறு வேறு ஆட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த நால்வர், சொந்த வேலையையும் பார்த்துக்கொண்டு, இந்தியாவில் மிகச் சிலரே அறிந்த ஓர் ஆட்டத்தில் இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். அதுவரை இந்தியா காமன்வெல்த் லான் பவுல்ஸில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை.

மூன்றாம் இடத்தில் ஆடுபவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதிதாகப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது அவரைத்தான். ஸ்கிப் தன் பந்துகளை உருட்டுவதற்காகப் பாய் இருக்கும் முனைக்குப் போகும்போது, ஜாக்கின் அருகில் பொறுப்பேற்று நிற்பவர் மூன்றாமவர். அதுவரை கட்டளை கேட்டவர் இப்போது தலைவிக்கே வழி காட்ட வேண்டும். சுற்று முடிந்ததும் எதிரணியின் மூன்றாமவரோடு சேர்ந்து புள்ளிகளை ஒத்துக்கொள்வதும் அவரே. ஒருமுறை எங்களுக்கு மிக அருகில் இரண்டு பந்துகள் ஜாக்கிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் நின்றன. அளவு நாடாவை நீட்டி, ஜாக்கை அசைத்துவிடாமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு அளந்தார்கள். அந்த அரை நிமிடத்தில் கூட்டம் முழுவதும் வாயடைத்துப் போயிருந்தது. அளவு முடிந்ததும் இரு அணியினரும் மறுபேச்சில்லாமல் அதை ஏற்றுக்கொண்டு, பந்துகளைக் காலால் ஒதுக்கிக் கூட்டினார்கள். ஜாக்கைத் தொட்டுவிட்ட பந்தின்மீது சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவதையும் அன்று அருகில் பார்த்தேன். அந்தக் கோடு உள்ள பந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தாலும் கணக்கில் இருக்கும். கோடில்லாத பந்து விழுந்தால் அதோடு சரி. மேல் வரிசையில் இருந்தவரை எனக்கு இந்தக் கோடே கண்ணில் படவில்லை.

தென்னாப்பிரிக்க அணியோடு நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா ஒரு கட்டத்தில் 8–2 என்று முன்னிலையில் இருந்தது. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் ஆட்டம் முடிந்ததுபோலவே பேசத் தொடங்கினார்கள். பிறகு தென்னாப்பிரிக்கா புள்ளி புள்ளியாகச் சேர்த்து 8–8 என்று சமன் செய்தது; அடுத்து 10–8 என்று முந்தியும்விட்டது. அந்த நேரத்தில்தான் முன் வரிசை இருக்கையின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. புள்ளிப் பலகையை மட்டும் பார்த்திருந்தால் ஓர் அணி சரிந்துகொண்டிருக்கிறது என்றே நினைத்திருப்பேன். குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்ததால், நால்வரின் பேச்சில் அவசரமோ ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லும் தொனியோ கொஞ்சமும் இல்லை என்பது தெரிந்தது. சரியாக விழாத பந்துக்கும் கைதட்டல் கிடைத்தது. முனை மாறி நடக்கும்போது தோளில் ஒரு தட்டு, ஓரிரு சொற்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்காவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. 17–10 என்று ஆட்டம் முடிந்தபோது அத்தை என் கையை இறுகப் பிடித்திருந்ததை, அவர் விட்ட பிறகே உணர்ந்தேன்.

தோற்ற அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு புள்ளி பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து வந்து முந்தியது எளிய செயலல்ல. எதிரணியின் நல்ல பந்துக்கு அவர்கள் மனமாரக் கைதட்டினார்கள். இந்த மரியாதை எல்லா ஆட்டங்களிலும் பேசப்படுவதுதான். இங்கே அதை இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், நடிப்பில்லாமல், சுற்றுக்குச் சுற்று பார்க்க முடிகிறது.

குறைகளும் உண்டு. முதலாவது, இந்த ஆட்டத்தின் இயல்பிலேயே உள்ளது: களம் தட்டையானது, பந்துகளும் தரையோடு கிடப்பவை. ஆகவே கீழே உட்கார்ந்தால் எந்தப் பந்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது; மேலே உட்கார்ந்தால் ஆட்டக்காரர்களின் பேச்சும் முகமும் கிடைக்காது. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இருக்கை எங்கும் இல்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கீழ் வரிசையையே தேர்ந்தெடுப்பேன். எண்ணிக்கையைப் பலகை சொல்லிவிடும், குரலை வேறெதுவும் சொல்லாது. இன்னொன்று, சுற்றுக்குச் சுற்று ஆட்டம் முனை மாறுவதால், பாதி நேரம் ஜாக் உங்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். சிறிய தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் சென்றால் அந்தப் பாதியும் வீணாகாது. நாங்கள் எடுத்துச் செல்லவில்லை. பக்கத்தில் இருந்த வயதான தம்பதியர் தங்களுடையதை அத்தையிடம் கொடுத்து உதவினார்கள்.

15 சுற்று என்பது எனக்குக் குறைவாகவே பட்டது. சங்க அளவில் நால்வர் ஆட்டம் 21 சுற்று வரை நீள்வது உண்டு. தொலைக்காட்சிக்கும், ஒரே நாளில் பல ஆட்டங்களை நடத்துவதற்கும் குறுகிய வடிவம் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சுற்றில் அதிகபட்சம் எட்டுப் புள்ளி எடுக்கக்கூடிய ஆட்டத்தில், பின்தங்கிய அணி திட்டமிட்டு எழுவதற்கு இன்னும் சில சுற்றுகள் இடம் தந்தால் பார்ப்பவர்களுக்கும் நிறைவாக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் உணவு வண்டி ஒன்றில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப்போய் நமுத்திருந்தது; நீண்ட வரிசையில் நின்றதில் ஒரு சுற்றையும் தவறவிட்டேன். மறுநாள் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்துக்கொண்டு, இறுதி ஆட்டத்துக்கு முன்பே ஆற்றங்கரை மரநிழலில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். வெயிலுக்குத் தொப்பி அவசியம். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் இருக்கையில் போட்டுக்கொள்ள ஒரு சிறு மெத்தையும் எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் போகும்.

விலை நியாயமானது. அந்தப் போட்டிகளுக்கான நுழைவுச்சீட்டுகள் பெரியவர்களுக்கு 15 பவுண்டிலும், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 8 பவுண்டிலும் தொடங்கின. அந்தத் தொகைக்கு உலகத் தரமான ஓர் இறுதி ஆட்டத்தை ஆட்டக்காரர்களின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் பார்க்க வேறெந்த விளையாட்டில் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பெண் குழந்தைகள் இருப்பவர்கள் அவர்களை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, முதல் சில சுற்றுகளில் நெளிந்துகொண்டிருந்தவள், கடைசிச் சுற்றுகளில் எழுந்து நின்று, ஸ்கிப் கை காட்டும்போதெல்லாம் தானும் அதே மாதிரி கை காட்டிக்கொண்டிருந்தாள்.

2026 கிளாஸ்கோ போட்டிகளில் பவுல்ஸ் உள்ளரங்கில், விரித்துப் போடும் தரையில் நடத்தத் திட்டமிடப்பட்டது. மழையும் காற்றும் இல்லாமல் ஆடுவதில் வேறொரு நேர்த்தி இருக்கலாம். ஆனால் திறந்த புல்தரையில், மேகம் மறைத்ததும் தரையின் வேகம் மாறுவதைக் கணித்து, பாயில் நிற்பவருக்கு எதிர்முனையிலிருந்து ஒரு குரல் அதைச் சொல்லி அனுப்புவதைக் கேட்க விரும்புபவர்களுக்கு விக்டோரியா பூங்கா அதே இடத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் தேசியப் போட்டிகள் கோடையில் அங்கே நடக்கின்றன. பெண்கள் நால்வர் ஆட்டமும் அவற்றில் உண்டு. அத்தை ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், அதைப் பார்க்க இன்னொரு முறை போகலாமா என்று கேட்டார். இந்தத் தடவை தொலைநோக்கியை நானே வாங்கி வைத்திருந்தேன்.